கூதல்மேட்டுப் போகாத்தம்மா

கத்திரி வெயில் கரிசல் மண்ணைப் பாளம் பாளமாகப் பிளந்துகொண்டிருந்த ஒரு மே மாதத்தில், அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருந்த குணசீலன், புதிதாக வாங்கிய பழைய காரில் மனைவி பவளக்கொடியையும் மகள் மதிவதனியையும் ஏற்றிக்கொண்டு, ஒரு கூடை புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிளாஸ்க் நிறைய டீயுமாகக் கூதல்மேட்டு மலைக்குப் புறப்பட்டான். ரெண்டு நாள் போய்விட்டு வருவதாகத்தான் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தார்கள்.

அடிவாரத்து மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் சாலை நிமிர்ந்து மலைமேல் சாய்ந்துகொண்டது. குணசீலன் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கச் சொன்னான். முதல் கொண்டை ஊசி வளைவில் வெயில் போனது, அடுத்ததில் புழுதி போனது, அதற்கடுத்ததில் காது அடைத்துக்கொண்டு ஊர்ச் சத்தமெல்லாம் போனது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, பலாமரத்தின் தூரில் கருங்குரங்குக் குடும்பம் ஒன்று உட்கார்ந்து வருகிற வண்டிகளை எண்ணுவதுபோலப் பார்த்தது, பாறையிலிருந்து விழுந்த அருவி ரோட்டில் போகிறவர்கள் முகத்தில் எல்லாம் பன்னீர் தெளித்தது. குணசீலனுக்கு உலகமே கடையில் தொங்குகிற ஷேட் கார்டுதான். "மதி, அந்தா பாரு, அது பிஸ்தா கிரீன். அதுக்கு மேல பாட்டில் கிரீன். கடைசியா தெரியுது பாரு, அந்த மலை, அது ஸ்மோக் ப்ளூ. போன மாசம் தாசில்தார் வீட்டுக்கு அடிச்சமே, அதே கலரு" என்று ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் காட்டிக்கொண்டே வந்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கப்பா" என்றாள் மதி. அவளுக்குப் பதினான்கு வயது.

பவளக்கொடி வாந்தி வராமலிருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அருவி தெளித்ததும் திறந்தாள். ரோட்டுக்குக் கீழே மேகம் மேய்ந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து எதையும் இப்படிப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

மேலே படகு ஓட்டினார்கள், ஸ்வெட்டர் வாங்கினார்கள், வியூ பாயின்ட்டில் பனிமஞ்சு மறைத்த எதையோ பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் ஊருக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லையில், "கூதல்மேடு உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று எழுதிய சிமெண்டு வளைவுக்குக் கீழே செக்போஸ்ட். வனக்காவலர் மாசிலாமணி கம்பைத் தூக்கிவிட்டார். கார் இறங்கியது. அருவி வரைக்கும் நன்றாகத்தான் இறங்கியது. அருவி தாண்டி ஒரு மஞ்சு மூட்டம் ரோட்டை மறித்துப் படுத்திருந்தது, அதற்குள் நுழைந்து வெளியே வந்தால், எதிரே சிமெண்டு வளைவு நின்றது. அன்புடன் வரவேற்றது.

குணசீலன் எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டதாக நினைத்தான். திரும்புவதற்கு அங்கே வேறு ரோடு கிடையாது. மறுபடி இறங்கினான், மஞ்சு, வளைவு. மூன்றாம் தடவை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான், பவளக்கொடி பிள்ளையாரைக் கும்பிட்டாள், மதி செல்போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரைபடத்தில் அவர்கள் இறங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். வந்து நின்ற இடம் செக்போஸ்ட்.

மாசிலாமணி இந்தத் தடவை கம்பைத் தூக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"சார், உங்க மூணு பேர்ல யாரோ ஒருத்தர மலை பிடிச்சு வச்சிருக்கு. ஒவ்வொருத்தரா இறக்கி விட்டுப் பாருங்க" என்றார், டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோல.

"என்னய்யா பேசுற? வெளையாடுறியா?"

"நான் எதுக்கு சார் வெளையாடுறேன்? பின்னால பஸ் நிக்குது. ஓரமா எடுங்க."

டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஜீப் டிரைவர் சேவியர், பாதி டீயை வைத்துவிட்டுத் தானே எழுந்து வந்தான். முதலில் குணசீலனை இறக்கி நிறுத்திவிட்டு, சேவியர் அம்மாவையும் மகளையும் ஓட்டிக்கொண்டு போனான். கார் திரும்பி வந்தது. பிறகு மதியை நிறுத்திவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள், திரும்பி வந்தார்கள். அப்போதே அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் காத்திருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாவம், அந்தம்மாதான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மறுபடி கடலை கொறித்தார்கள். குணசீலன் மட்டும், "இன்னொரு தடவ போய்ப் பாப்போம்" என்றான். பவளக்கொடி கதவைத் திறந்து தானாகவே இறங்கினாள். பழக்கத்தில் சாப்பாட்டுக் கூடையையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. பாப்போம்."

கார் போனது. திரும்பி வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளுடைய போன் அடித்தது. "பவளம், அடிவாரத்துக்கு வந்துட்டோம்" என்றான் குணசீலன். அவன் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரனும் இளநீர்க்காரன் சத்தமும் கேட்டன, வெயில்கூடக் கேட்டதுபோல இருந்தது. பவளக்கொடி சரி என்றாள்.

வளைவுக்குப் பக்கத்தில் ரெஜினா மெஸ் இருந்தது. எஸ்டேட் கணக்குப்பிள்ளையாக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி ரெஜினா, கைநிறைய மாவோடு வெளியே வந்து பார்த்தாள். "கூடையப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப? மஞ்சு இறங்குது. உள்ள வா" என்றாள். அப்படித்தான் பவளக்கொடி உள்ளே போனாள்.

குணசீலன் மறுபடி மேலே வந்தான், கூடவே தங்கினான், கீழே போனான், திரும்பவும் வந்தான். ஆனால் ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. அவனுடைய அக்கா குருவம்மாள் வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள்.

பவளக்கொடி சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போனாள், முட்டைக்கோஸ் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துப் போனாள், கண்ணைக் கட்டிக்கொண்டு சேவியரின் ஜீப்பில் போனாள், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் போனாள். எல்லாம் அவளை வளைவுக்கே கொண்டுவந்து விட்டன. நடந்து போனது எல்லாவற்றையும்விடக் கொடுமை. தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் காலையில் இறங்க ஆரம்பித்து, சாயங்காலம் மஞ்சைத் தாண்டி வெளியே வரும்போது, முழங்கால் இரண்டிலும் முழு மலையை இறங்கிய வலி இருந்தது, நின்றுகொண்டிருந்த இடம் உச்சியாக இருந்தது. அன்றைக்கு அவள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போகிற வருகிற டூரிஸ்ட் வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. அவர்களுக்கு எல்லாப் பக்கமும் பார்க்க அழகாக இருந்தது.

கூதல்மேட்டுக்காரர்கள் இதையும் மழை, அட்டை, காட்டெருமை வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். முருகன் கோயில் பூசாரி வந்து திருநீறு போட்டார், மறுவாரம் சர்ச் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார்; இரண்டையும் பவளக்கொடி வாங்கிக்கொண்டாள்; இரண்டு பேரும் இது தங்கள் துறையில் வராது என்று ஒப்புக்கொண்டு ரெஜினா மெஸ்ஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ரேஷன் கடைக்காரர் அவள் பேரைச் சேர்க்க வழி சொன்னார். ரெஜினா மெஸ்ஸில் பவளக்கொடி வைத்த கருவாட்டுக் குழம்புக்காக எஸ்டேட் கூலிக்காரர்களின் லய வீடுகளிலிருந்து ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்தார்கள். அவளுக்கு ஒரு பேரும் வந்தது. பேச்சியம்மா, இசக்கியம்மா என்பதுபோல, போகாத்தம்மா.

எஸ்டேட் லயத்தில் புனிதா என்று ஒரு பெண் இருந்தாள். மதியைவிட ஒரு வயது மூத்திருப்பாள். கீழே எங்கோ ஒரு நூல் மில்லில் வருஷக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பதற்கென்று ஒரு புரோக்கர் அவளையும் இன்னும் சில பெண்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போகவிருந்தான். முந்தின நாள் புனிதா மெஸ்ஸுக்குத் தூக்குச்சட்டியோடு வந்தாள். குழம்பு வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"அம்மா, நாளைக்கு எங்க வேன்ல ஏறிக்கிறீங்களா?" என்றாள்.

பவளக்கொடிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"உங்கப்பா அம்மா என்ன சொல்றாங்க?"

"போகச் சொல்றாங்க. எங்கக்கா போன மில்லுதான். அக்கா திரும்பி வந்து இருமிக்கிட்டே இருக்கா."

மறுநாள் பவளக்கொடி வேனின் கடைசி இருக்கையில், பெண்களின் பைகளுக்கு அடியில், பெட்ஷீட்டைப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். வேன் காலையிலிருந்து சாயங்காலம் வரை இறங்கி இறங்கி வளைவுக்கே வந்து நின்றது. புரோக்கர் டிரைவரைத் திட்டினான், டிரைவர் ரோட்டைத் திட்டினான், பெண்கள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். கடைசியில் புரோக்கர், இந்த மலைச் சகவாசமே வேண்டாம் என்று பெண்களை வளைவிலேயே இறக்கிவிட்டு ஓடிப்போனான். அன்றைக்கு ஒருநாள் பவளக்கொடி, அந்த மலை தன்னைப் பிடித்து வைத்திருப்பதை மறந்து, மலையைத் தான் பிடித்து வைத்திருப்பதுபோல நடந்தாள்.

ஆனால் அன்றிலிருந்து டிரைவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எந்த வண்டியில் எந்த மூட்டைக்குப் பின்னால் போகாத்தம்மா இருப்பாளோ? சீட்டுக்கடியில் எல்லாம் குனிந்து பார்த்தார்கள், டிக்கியைத் திறந்து பார்த்தார்கள், அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாசிலாமணிதான் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்புறப்ப நீங்க வளைவுக்குக் கீழ வந்து நின்னு ஒரு தடவ கை காட்டிட்டாப் போதும். டிரைவரு கண்ணால பாத்துட்டா நிம்மதியா இறங்குவாரு. அவசரத்துக்குப் போறவங்க எத்தனை பேரு இருக்காங்க."

அது நியாயமாகத்தான் இருந்தது. பவளக்கொடி சரி என்றாள். காலை பஸ்ஸுக்கு நின்றாள், மத்தியான பஸ்ஸுக்கு நின்றாள், சாயங்கால பஸ்ஸுக்கு நின்றாள். மழையில் குடையோடு நின்றாள், காய்ச்சலில் ரெஜினா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா கை காட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்டக்டர் விசில் ஊதினார். கொஞ்ச காலத்தில் அது ராசியாகிப்போனது. அவள் கை காட்டாமல் கிளம்பிய லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. புது வண்டி எடுத்தவர்கள் பூமாலையோடு வந்து வளைவில் நிறுத்தினார்கள். அவள் உட்கார ஒரு நாற்காலி வந்தது, நாற்காலிக்கு மேல் ஒரு தகரக் கூரை வந்தது.

நிற்கப் போய், அவள் இறங்கிப் பார்ப்பது நின்றுபோனது. எந்த வண்டியும் ஏற்றாது. நடக்க முழங்கால் விடாது. தவிர, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இடையில் எவ்வளவு தூரம்தான் நடந்துவிட முடியும்?

குணசீலன் முதலில் வாராவாரம் வந்தான், பிறகு மாதம் ஒருமுறை வந்தான், பிறகு சரக்கு வந்திருக்கிறது, ஆடித் தள்ளுபடி, தீபாவளி வெள்ளையடிப்பு என்று போனில் சொன்னான். மதி வந்தால் போகும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பியே பார்க்க மாட்டாள். அம்மா வளைவுக்குக் கீழே கை காட்டிக்கொண்டு நிற்பாள். மகளுக்கா, டிரைவருக்கா என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை மதி பரீட்சை வருகிறது என்று வராமல் இருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. "ஒன்னைய விட்டுட்டு எறங்குறது எனக்கு முடியலம்மா" என்று போனில் ஒருநாள் சொல்லிவிட்டு, பவளக்கொடி பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்று வருஷம் கழிந்து வந்த மே மாதத்தில், சீசன் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு காலையில், மெஸ்ஸுக்குப் பின்னால் பீன்ஸ் பறிக்கப் போன ரெஜினாவைக் காட்டெருமை முட்டிவிட்டது. தொடையில் கொம்பு இறங்கியிருந்தது. பவளக்கொடி ஓடிப்போய்த் துண்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். யாரோ சேவியரைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் ரெஜினாவைத் தூக்கி ஜீப்பின் பின்னால் கிடத்தினார்கள். தூக்கியபோதும் கிடத்தியபோதும் பவளக்கொடி கையை எடுக்கவே இல்லை. கை போன இடத்துக்கு அவளும் போனாள். மாசிலாமணி கம்பைத் தூக்கினார். ஜீப் பறந்தது.

பல வளைவுகள் தாண்டிய பிறகுதான் சேவியர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பிரேக்கை மிதித்த மிதியில் ஜீப் குறுக்கே திரும்பி நின்றது.

"ஐயோ அம்மா! நீங்களா?"

பவளக்கொடிக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் ஜீப்பில் இருந்தாள். அருவிச் சத்தம் கேட்டது.

"இறங்கிக்கங்கம்மா, கும்பிட்டுக் கேக்குறேன். நீங்க இருந்தா மேலயே கொண்டுபோய் விட்டுருமே."

அவள் குனிந்து பார்த்தாள். விரல்களுக்கு இடையில் சூடாகக் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இளக்கிப் பார்த்தாள், குபுக்கென்று வந்தது. மறுபடி அழுத்தினாள். ரெஜினாவின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்காமலே அவள், "பவளம், கையை எடுக்காத" என்றாள்.

இறங்கினால் ரெஜினா வழியிலேயே போய்விடுவாள். இறங்காவிட்டால் ஜீப் மேலேயே போய் நிற்கும், அங்கே போய்விடுவாள்.

"ஓட்டு சேவியர்" என்றாள் பவளக்கொடி.

"அம்மா..."

"ஓட்டுப்பா."

சேவியர் மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கியரைப் போட்டான். அருவி முகத்தில் தெளித்தது. அதைத் தாண்டி மஞ்சு மூட்டம் ரோட்டை மறித்துப் படுத்திருந்தது. ஜீப் அதற்குள் நுழைந்தது. எல்லாம் வெள்ளையானது, ரெஜினாவின் முகமும் அந்த வெள்ளையும் ஒன்றாகத் தெரிந்தது, பவளக்கொடி சாமி ஒன்றின் பேரும் ஞாபகம் வராமல், விடு, விடு, விடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளை கலைந்தது. எதிரே பலாமரம் நின்றது. அதற்கடுத்த வளைவில் புழுதி அடித்தது. அதற்கும் அடுத்ததில் வெயில் அவள் முகத்தில் அறைந்தது. மாந்தோப்பு வந்தது. சேவியர் ஓட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ரத்தம் ஏற்றி, பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பவளக்கொடியின் கை தானாக மூடித் திறந்தது. அவளும் சேவியரும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சேவியரின் போன் அடித்தது, மாசிலாமணி. சேவியர் அவளிடம் நீட்டினான்.

"அம்மா, ரெஜினாக்கா பொழச்சுக்கிச்சாமே, மாதா புண்ணியம். எப்பம்மா வருவீங்க? மத்தியான பஸ் இன்னும் எடுக்கல. கை காட்ட ஆளில்லாம எடுக்க மாட்டேங்குறாரு. சனமெல்லாம் உக்காந்திருக்கு."

"நான் அடிவாரத்துல நிக்கிறேன் மாசிலாமணி."

"அது தெரியுதும்மா. எப்ப வருவீங்க?"



"நாற்காலி வெறுமையாத்தான் இருக்கும். எடுக்கச் சொல்லு" என்று போனை சேவியரிடம் கொடுத்தாள்.

பிறகு, மலையை நிமிர்ந்து பார்த்தபடி, "எப்ப சேவியர் விட்டிருக்கும் அது என்னை?" என்றாள்.

சேவியர் மண்ணைக் காலால் கிளறினான். அந்த வேனுக்கப்புறம் அவளை எந்த வண்டியும் ஏற்றவில்லை. அவன் ஜீப்பும் ஏற்றவில்லை. "இன்னைக்குத்தான்னு வச்சுக்குவோம்மா" என்றான். அவனே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வெளியே கரிசல் ஓடியது, வேலிக்கருவை ஓடியது, தீப்பெட்டி ஆபீஸ்களின் சுவர் ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் முன்னால் எட்டிப் பார்த்தாள், சிமெண்டு வளைவு வருகிறதா என்று. வரவில்லை. அருப்புக்கோட்டையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இறங்கினாள். தெருவில் பழைய வீடுகளே இருந்தன, வேறு வேறு நிறத்தில் இருந்தன.

கதவைத் திறந்தது மதி. அம்மாவைவிட உயரமாகியிருந்தாள். சேலையில் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தெருவில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"எப்பம்மா விட்டுச்சு?"

பவளக்கொடி இன்றைக்குத்தான் என்று சொல்லலாம் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். மகளின் முகத்துக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

"தெரியல மதி. இன்னைக்கு விட்டிருக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே விட்டிருக்கலாம். வேனுக்கப்புறம் நான் இறங்கிப் பாக்கவே இல்ல."

மதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவள் தனியாகப் போன பரீட்சைகள், அத்தையிடம் வெட்கத்தோடு கேட்டு வாங்கிய துணிகள், பேசாமல் சாப்பிட்டு எழுந்த அப்பாவின் முதுகு எல்லாம் அவள் கண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதைப் பவளக்கொடி பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நின்றாள். கதவைச் சாத்தினாலும் சரி என்று நின்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது; இரண்டு பேரும் அசையவில்லை.

"அப்பா கடையடச்சுட்டு இப்ப வந்துருவாரு" என்றாள் மதி கடைசியில். "அவரு கேட்டா இன்னைக்குத்தான் விட்டுச்சுன்னு சொல்லு. அவரு தாங்க மாட்டாரு."

"சரி."

"எனக்குத் தெரிஞ்சதோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் ரத்தம் காய்ந்த கையை மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்து, மதி அவளை வீட்டுக்குள் இழுத்தாள்.